முதலில் காதைப் பாருங்கள்

பெருவில் குஸ்கோவிலிருந்து பிசாக் போகும் மலைப்பாதையில் ஒரு மந்தையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒட்டகத்துக்கு உறவான லாமா எத்தனை என்று நான் எண்ண ஆரம்பித்தேன். எங்களைக் கூட்டிப்போன பெண்மணி, அதில் இரண்டுதான் லாமா, மற்றதெல்லாம் அதன் சின்ன உறவான அல்பாகா என்றார். அவர் சொன்னது 'யாமா', அங்கே அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். முதலில் காதைப் பாருங்கள் என்றார்.

லாமாவின் காது நீளமாக, வாழைப்பழம் போல உள்பக்கம் வளைந்திருக்கும். அல்பாகாவுக்குக் குட்டையான, நுனி கூர்ந்த நேரான காது. முகமும் அப்படித்தான், லாமாவுக்கு நீண்ட முகம், அல்பாகாவுக்குச் சப்பையான சின்ன முகம், அதிலும் நெற்றியை மூடிக்கொண்டு ஒரு கொத்து முடி. எடையில் லாமா அல்பாகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சரி, ஏன் இந்த வித்தியாசம்? இரண்டும் ஒட்டகக் குடும்பம்தான், ஆனால் ஆண்டிஸ் மலை மக்கள் ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒன்றைச் சுமை தூக்கவும் இன்னொன்றை முடி எடுக்கவும் என்று பிரித்து வளர்த்திருக்கிறார்கள். குதிரையோ மாட்டு வண்டியோ இல்லாத பழைய இன்கா பேரரசில் மலைப்பாதைகளில் பொதி சுமந்தது லாமா, ஒன்று 25, 30 கிலோ தூக்கும். குவானாகோ என்ற காட்டு விலங்கிலிருந்து வந்தது அது. அல்பாகாவும் அதிலிருந்துதான் வந்தது என்றே பலர் நினைத்திருந்தார்கள். 2001-இல் வெளிவந்த மரபணு ஆய்வுதான் அதன் மூதாதை விகுன்யா என்று காட்டியது. மெலிந்த உடம்பும் உலகத்திலேயே மிக மென்மையான முடிகளில் ஒன்றும் கொண்ட அந்த விகுன்யாவை ஒருமுறை பார்த்துவிட்டால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

அல்பாகாவிலும் இரண்டு வகை உண்டு. உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி புசுபுசுவென்று இருப்பது உவகாயா, நீளச் சடைகளாகத் தொங்குவது சூரி, இது குறைவுதான். முடிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், ஆட்டு ரோமத்தில் இருக்கும் அந்தப் பிசுபிசுப்பே இல்லை. மேலே தூசி படிந்திருந்தாலும் உள்ளே அவ்வளவு சுத்தம்.

துப்பும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். துப்பும்தான், ஆனால் பெரும்பாலும் தீனிக்குச் சண்டை வரும்போது தங்களுக்குள். மற்ற நேரமெல்லாம் 'ம்ம்ம்' என்று மெல்ல முனகிக்கொண்டே மேய்கின்றன. அப்புறம் மந்தை முழுவதும் ஒரே இடத்தில்தான் சாணம் போடும், அதை அள்ளிக் காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள், உருளைக்கிழங்கு வயலுக்கும் போடுகிறார்கள்.

மந்தையில் பிறந்து சில நாளே ஆன அல்பாகாக் குட்டி ஒன்று நின்றது. குட்டியை அங்கே கிரியா என்பார்கள். பதினொன்றரை மாதம் சுமந்து, பெரும்பாலும் பகலில்தான் ஈனுமாம், அந்த உயரத்தில் ராத்திரி உறைபனி விழுவதற்குள் குட்டியின் உடம்பு வெயிலில் காய்ந்துவிட வேண்டுமே. அதன் காதையும் பார்த்தேன். குட்டையாக, நேராக இருந்தது.