ஜிபோவுக்குப் போகாத உப்பு

செப்டம்பர் 6, 2022, வாகடூகு, புர்கினா பாசோ

வடக்கு நகரமான ஜிபோவிலிருந்து ராணுவக் காவலோடு திரும்பிக்கொண்டிருந்த லாரி வரிசையில், நேற்று பூர்சங்கா பக்கம் ஒரு வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. 35 பேர் போய்விட்டார்கள். இங்கிருந்து ஜிபோ சுமார் 200 கிலோமீட்டர்தான். பிப்ரவரியிலிருந்து ஜிகாதிகள் சாலையை அடைத்துவைத்திருக்கிறார்கள்.

எங்கள் நிவாரணக் கிடங்கு டிரைவர் அண்ணனுக்கு ஜிபோதான் ஊர். காலையில் வந்தவர் சாவியை வாங்காமல் நின்றுகொண்டே இருந்தார். அம்மாவுக்குப் போன் போகவில்லையாம். செல்போன் கோபுரத்தைத் தகர்த்ததிலிருந்து ஜிபோவில் சிக்னல் வந்தால் அதிசயம்.

செப்டம்பர் 11

லைன் கிடைத்தது! அவர்கள் பேசும் ஃபுலானி மொழியான ஃபுல்ஃபுல்டேயில் "ஜாம் நா?" என்று கேட்டால், "ஜாம் தான்" என்று பதில் வரும். சமாதானம் மட்டுமே என்று அர்த்தம். அவர்களுடைய 'தான்' கிட்டத்தட்ட நம்முடைய 'தான்' மாதிரியே இருப்பது எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. அம்மா நாலு தடவை ஜாம் தான் சொன்னாராம். அப்புறம், உப்பு தீர்ந்துவிட்டது என்றாராம்.

அண்ணன் சிறுவனாக இருந்தபோது அது மாட்டுச்சந்தைக்குப் பேர்போன ஊர். மாலியிலிருந்தெல்லாம் மந்தை வருமாம். 2016-இல் சூம் மாகாணத்துப் போதகர் மாலம் இப்ராஹிம் டிக்கோ அன்சாருல் இஸ்லாம் என்ற ஆயுதக் குழுவைத் தொடங்கினார். அங்கிருந்து எல்லாம் மாறிவிட்டது. 2020-இல் ஊரைச் சுற்றி 180 பிணங்கள் கிடந்ததாக மனித உரிமைக் கண்காணிப்பகம் எழுதியது. பாதுகாப்புப் படைமேல்தான் சந்தேகம். செத்தவர்களில் பெரும்பாலோர் ஃபுலானி இனத்து ஆண்கள். அண்ணனும் ஃபுலானி. சோதனைச்சாவடி வந்தால் அடையாள அட்டையை முன்கூட்டியே கையில் எடுத்துக்கொள்வார்.

செப்டம்பர் 19

கிடங்கு மதில் ஓரம் மழைக்கு முளைத்த செடியைக் காட்டினார். "இதைத்தான் இப்போ ஊரில் சாப்பிடுறாங்க." பார்த்தால் நம்மூர்த் தகரை. இலையைக் கசக்கி முகர்ந்தேன், அதே நாற்றம். வழக்கமாக அவர்களுக்குக் கம்பங்களிதான் சாப்பாடு, 'தோ' என்பார்கள். வயலுக்குப் போக முடியாதபோது கம்பு எங்கிருந்து வரும்? தகரையை உப்பில்லாமல் வேகவைத்துத் தின்பது எப்படியிருக்கும் என்று தெரியவில்லை. நான் தின்று பார்க்கவுமில்லை.

செப்டம்பர் 24

ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தோடு வந்தார். அடுத்த ஹெலிகாப்டர் சரக்கில் வைத்துவிடச் சொன்னார். சொந்தப் பொருள் ஏற்றக் கூடாது, எடைச்சீட்டில் கையெழுத்துப் போடுவது நான். ஒன்றுக்கு அனுமதித்தால் நாளைக்கு நூறு பேர் நிற்பார்கள் என்றேன். சரி பத்ரோன் (முதலாளி) என்றார். பொட்டலத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

செப்டம்பர் 27

நேற்று காஸ்கிண்டேயில் ஜிபோவுக்குப் போன சரக்கு வரிசையைத் தாக்கி லாரிகளைக் கொளுத்திவிட்டார்கள். 11 சிப்பாய்களின் சடலம் கிடைத்திருக்கிறது, சுமார் 50 பொதுமக்களைக் காணவில்லை. உள்ளே இருப்பவர்கள் சுமார் 3 லட்சம் பேர், பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஓடி வந்தவர்கள். மூட்டை மூட்டையாக ஹெலிகாப்டரில் ஏற்றி எத்தனை பேருக்குப் போடுவது? மத்தியானம் கால்குலேட்டரை எடுத்தேன், பாதியில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 2

வெள்ளிக்கிழமை விடியுமுன் துப்பாக்கிச் சத்தம். ராத்திரி டிவியில், ஆட்சியைப் பிடித்த கேப்டன் இப்ராஹிம் ட்ராவ்ரே, 34 வயது. அதுவரை ராணுவ ஆட்சித் தலைவராக இருந்த டமிபா இன்று விலகிவிட்டார். டமிபா ஜனவரியில் ஆட்சியைப் பிடித்தபோது சொன்ன காரணமும் பாதுகாப்புதான். எங்கள் சரக்கு நடை தள்ளிப்போனது.

அக்டோபர் 25

நேற்று ஜிபோவில் ராணுவ முகாமையே தாக்கியிருக்கிறார்கள், குறைந்தது 10 சிப்பாய்கள் சாவு. அண்ணன் ராத்திரி முழுக்க முயன்று, விடிகாலையில் ஒரு நிமிடம் பேசினாராம். ஜாம் தான்.

உப்பு வந்ததா என்று அம்மா கேட்டாராம். வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். என்னிடம் இதைச் சொல்லும்போது மேசைப் பக்கம் பார்க்கவில்லை. பொட்டலம் ஈரத்தில் கசிந்து, அடியிலிருந்த எடைச்சீட்டுகள் இரண்டு ஒட்டிக்கொண்டுவிட்டன.