பர்ஷியன் பூனையின் நிறங்கள்

பர்ஷியன் பூனை என்றதும் பலர் வெள்ளையைத்தான் நினைக்கிறார்கள். கறுப்பு, நீலச் சாம்பல், செம்மஞ்சள், கிரீம், வரிக்கோடு என்று அதில் இல்லாத நிறமே குறைவு.

எனக்கு உயிர் ஹிமாலயன் எனப்படும் கலர்பாயிண்ட் வகை, அதாவது உடம்பு வெளுத்து, காது, மூக்கு, பாதம், வால் மட்டும் கருத்திருப்பது. 1930களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சயாமீஸ் இனப் பூனையையும் பர்ஷியனையும் கலந்து பார்க்கத் தொடங்கினார்கள். பூனை இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்காவின் சி.எஃப்.ஏ. அமைப்பு இதை 1957-இல் தனி இனமாக ஏற்று, 1984-இல் பர்ஷியனுக்குள்ளேயே ஒரு நிறப் பிரிவாகச் சேர்த்துவிட்டது. அதுதான் சரி என்பேன், முகமும் உடம்பும் அசல் பர்ஷியன்தானே.

குட்டி பிறக்கும்போது கிட்டத்தட்ட வெள்ளை. நிறமி உண்டாக்கும் டைரோசினேஸ் என்சைம் இந்த வகையில் உடற்சூட்டில் சரியாக வேலை செய்யாது. தாய் வயிற்றின் கதகதப்பில் நிறம் ஏறுவதில்லை. பிறந்த பின் காது, மூக்கு, பாதம், வால் என உடம்பில் சூடு குறைந்த இடங்களில் மட்டும் கருமை படரும். ஆபரேஷனுக்காக வயிற்றில் மழித்தால்கூட அங்கே முடி கருத்து வளரலாம். நோயோ என்று பயப்படாதீர்கள், அந்த முடி உதிர்ந்து புதிது முளைக்கும்போது பெரும்பாலும் பழைய நிறம் வந்துவிடும்.

அப்புறம் ஸ்மோக் என்ற நிறம். அசையாமல் இருந்தால் முழுக் கறுப்பு. நடந்தால் முடி விலகி அடியில் வெள்ளை பளிச்சிடும். ஒவ்வொரு முடியும் வேர்ப்பக்கம் வெள்ளை, மேலே கறுப்பு. சின்சில்லா என்ற இன்னொரு நிற வகையில் அந்தக் கறுப்பு நுனியில் துளியூண்டுதான். பச்சைக் கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் ஒரு கோடு வேறு!

வாங்க நினைப்பவர்களுக்கு: 'அபூர்வ நிறம்' என்று விலை ஏற்றினால் மயங்காதீர்கள். தாய், தகப்பன் பூனைகளுக்குச் சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கான மரபணுச் சோதனை செய்தார்களா என்று முதலில் கேளுங்கள். பர்ஷியனில் அது அதிகம்.