டமார் சத்தமும் 8 இன்ச் கதவும்

போன ஆடியில் ஒரு ராத்திரி 11 மணிக்குப் போன். நெலமங்கலா பக்கம் ஒரு தொழிற்சாலையில் பம்ப் ஆபரேட்டராக இருக்கும் தருமபுரிப் பையன். "அண்ணா, கரண்ட் போச்சு. மறுபடியும் அதே சத்தம். இந்தத் தடவை பைப்பே குதிச்சிருச்சு ணா" என்றான். பின்னால் ஜெனரேட்டர் உறுமுவது கேட்டது.

நான் பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு வால்வு ரிப்பேர் ஷெட்டில் 26 வருடமாக இருக்கிறேன். கரண்ட் போனதும் ஒரு நொடி கழித்து டமார் என்று அடித்தால் முதலில் என்.ஆர்.வி.யை, அதாவது தண்ணீரைத் திரும்ப விடாத வால்வைத்தான் சந்தேகப்படுவேன். அவர்கள் அதற்குள் மூன்று மாதத்தை வீணாக்கியிருந்தார்கள். அடித்தள போல்ட்டை இறுக்கினார்கள், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் அலைன்மென்ட் பார்த்தார்கள், பைப் சப்போர்ட்டுக்குக் கூடுதலாக ஒரு ஆங்கிள் வெல்டிங் வைத்தார்கள். என்.ஆர்.வி.யை யாரும் தொடவில்லை. திருப்ப சக்கரம் இல்லாத வால்வு யார் கண்ணிலும் படாது.

தெரியாதவர்களுக்கு: நான்-ரிட்டர்ன் வால்வு (Non-Return Valve), செக் வால்வு என்பதைத்தான் ஷெட்டில் என்.ஆர்.வி. என்கிறோம். அதில் ஸ்விங் வகை என்பது குழாய்க்குள் ஒரு கதவு, அவ்வளவுதான். கீல் மேலே இருக்கும். தண்ணீர் முன்னால் போனால் கதவைத் தள்ளிக்கொண்டு போகும். நின்றால் கதவு தன் கனத்தில் விழும். திரும்பி வந்தால் அந்தத் தண்ணீரே கதவை சீட்டோடு, அதாவது கதவு உட்காரும் வளையத்தோடு, அழுத்தி மூடும்.

எங்கள் ஊர் உடுமலைப் பக்கம். தோட்டத்து மோட்டார் ஓடியும் தண்ணீர் வராவிட்டால், கிணற்றுக்குள் குழாய் நுனியில் கிடக்கும், இதே மாதிரிக் கதவுள்ள ஃபுட் வால்வு சரியாக மூடவில்லை, குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிட்டது என்று அர்த்தம். "கொஞ்சம் சாணியக் கரைச்சுக் கொண்டா கண்ணு" என்பார் அப்பா. பக்கெட்டில் கரைத்து மேலிருந்து ஊற்றினால் சாணியின் நார் கதவோரத்துச் சந்தில் போய் அடைத்துக்கொள்ளும், மோட்டார் பிடித்துக்கொள்ளும். தொழிற்சாலையில் சாணி ஊற்ற விடமாட்டார்கள். மற்றபடி விஷயம் அதேதான்.

மறுநாள் காலை போனேன். இரண்டு பம்ப், ஒன்று ஓடும், ஒன்று ஸ்டாண்ட்பை. இரண்டும் ஒரே ஹெடரில், அதாவது பொதுக் குழாயில், சேருகின்றன. ஸ்டாண்ட்பை பம்பின் கப்ளிங்கில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு மற்றதை ஓட்டச் சொன்னேன். கோடு மெதுவாக நகர்ந்தது, பின்பக்கமாக. அதாவது அதன் என்.ஆர்.வி. சரியாக மூடவில்லை, ஓடும் பம்ப் தள்ளும் தண்ணீரில் கொஞ்சம் நிற்கும் பம்ப் வழியாக டேங்குக்கே திரும்புகிறது. பம்ப் அப்படிப் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும்போது யாராவது ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் மோட்டார் டிரிப் ஆனால் அதிர்ஷ்டம். ஷாஃப்ட் போனாலும் போகலாம்.

ஓடும் பம்பின் என்.ஆர்.வி.யில் வெளியே லீவரும் எடையும் இருந்தன. உள்ளே கதவு எங்கே நிற்கிறது என்பதை அந்த லீவர் வெளியே காட்டிக்கொடுக்கும். அது நிற்கவே இல்லை, யானைக் காது மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. "எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டேன். "புது பம்ப் வந்ததிலிருந்து ணா" என்றான் பையன்.

புது பம்ப்! கரண்ட் பில்லைக் குறைக்க மணிக்கு 200 கன மீட்டர் தள்ளிய பழைய பம்புகளை எடுத்துவிட்டு 100 கன மீட்டர் பம்புகளை வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் 8 இன்ச் குழாயையும் 8 இன்ச் என்.ஆர்.வி.யையும் அப்படியே விட்டுவிட்டார்கள். அங்கேயே செல்போனில் கணக்குப் போட்டேன். 8 இன்ச்சில் 100 கன மீட்டர் போனால் வேகம் வினாடிக்கு 0.9 மீட்டர்கூட வராது. அதே தண்ணீர் 6 இன்ச்சில் போனால் 1.5 மீட்டருக்கு மேல். ஸ்விங் கதவு முழுதாகத் திறந்து ஸ்டாப்பரில் சாய்ந்து நிற்க, வால்வின் வடிவத்தைப் பொறுத்து, தண்ணீருக்கு ஏறக்குறைய 1.3 முதல் 2.3 மீட்டர் வேகம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் கதவு பாதி வழியில் தொங்கி, ராவும் பகலும் துடிக்கும். போதாததற்கு வால்வுக்குக் கீழேயே ஒட்டினாற்போல் ஒரு எல்போ, குழாய் வளைவு. குழாய் விட்டத்தைப் போல் ஐந்து மடங்காவது நேர் குழாய் விட்டிருக்க வேண்டும், 8 இன்ச்சுக்கு ஒரு மீட்டர். அங்கே ஒரு சாண்கூட இல்லை.

இதற்கு மேல் ஒரு வேடிக்கை. சத்தம் வந்த பிறகு மெயின்டனன்ஸ் ஆட்கள் லீவரில் இருந்த எடையை ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள், கதவு சீக்கிரம் மூடட்டும் என்று. நினைப்பு சரிதான். ஆனால் எடை கூடினால் திறப்பதற்கும் கூடுதல் வேகம் வேண்டும். ஏற்கெனவே பாதி திறந்த கதவு கால்வாசிக்கு வந்துவிட்டது.

லைனை அடைத்து, தண்ணீரை வடித்து, மேல் மூடியைக் கழற்றினோம். ஸ்விங் வால்வில் எனக்குப் பிடித்ததே இதுதான்: உடலை லைனிலிருந்து எடுக்காமல் மேலே திறந்து கையை விட்டுவிடலாம். கதவைப் பிடித்து ஆட்டினேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கதவும் அதைத் தாங்கும் கையும் சேரும் இடத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் ஆட்டம் விட்டிருப்பார்கள். அப்போதுதான் கதவு தானாகத் திரும்பி சீட்டில் சமமாக உட்காரும். ஷெட்டுக்குப் புதிதாக வரும் பையன்கள் அதைக் கோளாறு என்று நினைத்து இறுக்கிவிடுவார்கள், அப்புறம் ஒரு பக்கம் ஒழுகும். நான் பார்த்தது அந்த ஆட்டம் இல்லை. கீலின் ஆணியே (பின்) ஆடியது. வெளியே எடுத்து வெர்னியர் வைத்தால், 18 மி.மீ. பின், அதைத் தாங்கும் வளையமான புஷ்ஷில் உட்காரும் இரண்டு இடத்திலும் 15 மி.மீ. சொச்சமாக, கரும்புக் கணு மாதிரி இளைத்திருந்தது. கதவு நட்டைக் கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் அறுந்து போய், நட்டு இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னும் சில வாரம் போயிருந்தால் கதவே கழன்று லைனுக்குள் போயிருக்கும். நான் மிகைப்படுத்தவில்லை. 1985 நவம்பரில் கலிபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையத்தின் முதல் யூனிட்டில் ஐந்து செக் வால்வுகள் செயலிழந்து, ஃபீட் வாட்டர் குழாயில் பெரிய நீரடி (வாட்டர் ஹாமர், தண்ணீர் சட்டென்று நின்று குழாயை அடிப்பது) விழுந்தது. பாதி திறந்த கதவுகள் துடித்துத் துடித்து நட்டு கழன்றதுதான் அங்கேயும் கதை.

சத்தத்துக்கு வருகிறேன். முழுதாகத் திறந்த ஸ்விங் கதவு 60, 70 டிகிரி தூரம் இறங்கி வர வேண்டும். சீட்டை 5, 6 டிகிரி சாய்த்து வைப்பதே கதவு தன் கனத்தில் ஒழுங்காகப் போய் உட்காரட்டும் என்றுதான். இந்த வால்வில் கால்வாசி தூரமே இருந்தும், தேய்ந்த புஷ்ஷில் பின் சாய்ந்து கதவு சிக்கித் தயங்கியது. அந்த ஒரு நொடிக்குள் மேல் மாடியிலிருந்து தண்ணீர் திரும்பி வேகம் பிடித்துவிடும். பிறகு கதவு மொத்தமாக அறையும். ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் எவ்வளவு அழுத்தம் ஏறும் என்று 1898இலேயே ரஷ்யாவில் ஜூக்கோவ்ஸ்கி கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்: எஃகுக் குழாயில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்துக்குச் சுமார் 10 முதல் 12 பார். அவர்கள் லைனில் வழக்கமான அழுத்தமே 4 பார்தான்.

பெங்களூர்க்காரர்கள் குடிக்கும் காவிரி டி.கே. ஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து சுமார் 100 கி.மீ., மூன்று கட்டமாக ஏறக்குறைய 500 மீட்டர் மேலே ஏறி வருகிறது. அந்த மாதிரி லைனில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும். தண்ணீர்க் குழாய் என்.ஆர்.வி.க்கான நம் ஊர்த் தரம் ஐ.எஸ். 5312, அதன் இரண்டாம் பாகம் முழுக்கப் பல கதவு வால்வுகளுக்குத்தான். ஒரே பெரிய கதவைவிடச் சின்னக் கதவுகளுக்கு வீச்சு குறைவு, அறைவதும் குறைவு.

இவர்களுக்கு 6 இன்ச் டூயல் பிளேட் வாங்கச் சொன்னேன். இரண்டு அரைவட்டத் தகடு, நடுவில் ஸ்பிரிங். தண்ணீர் திரும்புவதற்குள் மூடிவிடும். என் பிழைப்புக்கு அது நட்டம், மேலே திறந்து பார்க்க மூடி கிடையாது. பர்ச்சேஸ் அதிகாரி "8 இன்ச் லைன்ல 6 இன்ச் போட்டா தண்ணி குறையாதா சார்?" என்று இரண்டு முறை கேட்டார். பாதி மூடிய 8 இன்ச்சை விட முழுதாகத் திறந்த 6 இன்ச் மேல் என்று இரண்டு முறை சொன்னேன். எல்போவிலிருந்து தள்ளி, நேர் குழாயில், 8 இன்ச்சை 6 இன்ச்சாகக் குறைக்கும் ரெடியூசர் வைத்துப் பொருத்தினோம். ஃபிட்டர் தகட்டின் பின்னைப் படுக்க வைத்து மாட்டப் போனார். படுக்கைக் குழாயில் அது செங்குத்தாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தகடு எப்போதும் முதலில் விழும். நல்லவேளை பக்கத்தில் இருந்தேன்.

மாட்டி முடித்து மெயினை நிறுத்திப் பார்த்தோம். டக் என்று ஒரு சின்னச் சத்தம். ஸ்டாண்ட்பை கப்ளிங்கில் சாக்பீஸ் கோடு அசையவில்லை. பையன் அதைப் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினான்.

பழைய 8 இன்ச் இரண்டும் ஷெட்டுக்கு வந்தன. ரீகண்டிஷன் செய்து ஸ்பேராக ஸ்டோரில் வைக்க வேண்டுமாம். புதுப் பின், புது புஷ் போட்டு, சீட்டைத் தேய்த்து மட்டமாக்கி (லேப்பிங்), கதவில் நீலம் தடவி வளையம் முழுதாக விழுகிறதா பார்த்து, பெஞ்சில் டெஸ்ட் செய்து அனுப்பிவிட்டேன். உலோக சீட்டுக்கு ஏ.பி.ஐ. 598 என்ற வால்வு சோதனைத் தரம் இன்ச்சுக்கு நிமிடம் 3 மி.லி. கசிவை அனுமதிக்கிறது, 8 இன்ச்சுக்கு 24 மி.லி.; இது அதில் பாதிகூட ஒழுகவில்லை. பிறகு மஞ்சள் பெயின்ட் எடுத்து, இரண்டின் உடம்பிலும் கன்னடத்திலும் தமிழிலும் "இந்த பம்புக்கு மாட்டாதே" என்று எழுதினேன். இன்னும் நாலு வருஷத்தில் வேறு ஒரு ஆபரேட்டர் வருவான், அவனுக்கு.