பீரோவில் இருந்த கட்டு

நகரப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் கைகோத்துச் செய்யும் திட்டங்களைப் பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு. பள்ளிக்குள் நுழைய நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், கல்வி நிர்வாகத்தின் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, பிள்ளைகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். முதல் இரண்டும் தாள் வேலைதான். பொறுமை இருந்தால் முடிந்துவிடும்.

தலைமையாசிரியையின் அறையில்தான் திகைத்து நின்றேன். பீரோவைத் திறந்து, நூலால் கட்டிய ஒரு கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். முன்பு வந்த ஆய்வாளர்கள் விட்டுப்போன வினாப்படிவங்கள். "இத்தனை பேர் கேட்டு எழுதிட்டுப் போனாங்க. என்ன தெரிஞ்சுதுன்னு ஒருத்தராவது திரும்பி வந்து சொன்னாங்களா?"

என் படிவமும் அந்தக் கட்டில்தான் போய்ச் சேரும் என்று புரிந்தது. "உங்களுக்கு என்ன தெரியணும் மேடம்?" என்று கேட்டேன்.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட்டார். அவர் வருகைப் பதிவேட்டை விரித்து ஒரு வரியில் விரல் வைத்தார். முதலில் திங்கட்கிழமைகளில் மட்டும் விடுப்பு. பிறகு திங்களும் செவ்வாயும். அப்புறம் வரி முழுக்க வெறுமை. "இவன் நின்னுடுவான்னு எந்த வாரத்துல எனக்குத் தெரிஞ்சிருக்கணும்?"

என் வினாப்படிவத்தில் இருந்த எந்தக் கேள்வியையும்விட இது பெரிது. 1990-இல் தொடங்கிய சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு, பள்ளிகளிடம் ஏற்கெனவே இருந்த பதிவுகளை வைத்தே இதைத் தேடியது. ஒன்பதாம் வகுப்பில் போதிய கிரெடிட்டுகள் (பாடங்களில் தேறினால் கிடைக்கும் புள்ளிகள்) பெற்று, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இல்லாதவர்கள் நான்கு ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ 3.5 மடங்கு என்று அதன் 2005 அறிக்கை காட்டியது.

கேள்வியை மாற்றினேன். என் வழிகாட்டி தயங்கினார். நெறிமுறைக் குழுவிடம் மறுபடி போக வேண்டியிருந்தது. பெயர்களுக்குப் பதில் குறியீட்டு எண்கள், எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பள்ளியிலேயே இருக்கும் என்று எழுதிக்கொடுத்தேன். சம்மதப் படிவத்தைப் படித்த ஒரு தாய், "தரவுன்னா என் பையன் பேரா?" என்று பயந்து கேட்டார். அன்றே படிவத்தைத் திருத்தினேன்: "வருகையும் மதிப்பெண்ணும் மட்டும். பெயர் பள்ளியை விட்டு வெளியே போகாது." அதன் பிறகு கையெழுத்துகள் வேகமாக வந்தன.

முடிவுகளை இரண்டு பக்கத்தில் எழுதி முதலில் ஆசிரியர் அறைக்குத்தான் கொண்டுபோனேன். அந்த ஆசிரியர் நின்றபடியே படித்துவிட்டு, தாளைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டார். "இதை வருஷக் கடைசியில இல்லாம மாசாமாசம் பார்க்க வழி இருக்கா?" என்றார். அதற்கான அனுமதி விண்ணப்பத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.