தோர்ப்பா சந்தையும் நிலப் பத்திரங்களும்

மூன்று கிலோமீட்டர் சொச்சத்துக்கு நானூறு ரூபாய். ராஞ்சி ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆட்டோக்காரர் கேட்டது. என் இந்தியைக் கேட்டதுமே விலையை முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன். "புருலியா ரோடு, சர்ச்" என்று சொன்னதும் முகத்தில் ஒரு மலர்ச்சி. நூற்றைம்பதுக்கு இறங்கி வந்தார், ஏறி உட்கார்ந்த பிறகு "லக்கேஜுக்குத் தனி" என்றார். இறங்கிவிட்டேன். ஸ்டேஷனுக்கு வெளியே பத்து நிமிடம் நடந்தால் ஷேர் ஆட்டோ வரும். அதில் இருபது ரூபாய்தான். முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காரத் தெரிந்தால் போதும். முதுகில் பை, மடியில் இன்னொருவருடைய முட்டைக்கோஸ் மூட்டை என்று போய்ச் சேர்ந்தேன். முந்நூற்றெண்பது ரூபாய் மிச்சம். இந்தப் பயணத்தில் அதைவிடப் பெரிய வெற்றி எனக்குக் கிடைக்கவில்லை.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பார்ப்போம். ஈரோட்டில் ஆலப்புழை–தன்பாத் ரயிலைப் பிடித்தால் நேராக ராஞ்சி. ஸ்லீப்பரில் இரண்டு ராத்திரி. ஆந்திராவைத் தாண்டியதும் முட்டை பிரியாணி வாங்காதீர்கள். ரயிலைப் பற்றி வேறு எதுவும் சொல்வதற்கில்லை.

நான் போனதற்குக் காரணம் என் அத்தை மகள். எனக்குப் பல வருஷம் மூத்த அக்கா, கன்னியர் மடத்தில் சேர்ந்து ஜார்க்கண்டுக்கு அனுப்பப்பட்டவர். ஊருக்கு வரும்போதெல்லாம், "நீங்க எல்லாம் வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வந்து பக்தின்னு சொல்றீங்க. ஒரு தடவை அங்க வந்து பாருங்கடா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஏழை ஜனங்களுக்குச் சேவை என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் சோறு போடுவதும் மருந்து கொடுப்பதும் பள்ளிக்கூடம் நடத்துவதும்தான். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, ராஞ்சியைச் சுற்றியிருக்கும் சோட்டாநாக்பூர் பக்கத்தில் சாமியார்களின் வேலையில் பாதி கோர்ட்டு வேலையாகத்தான் தொடங்கியிருக்கிறது.

புருலியா ரோட்டில் இருக்கும் புனித மரியாள் பேராலயம் 1909-இல் கட்டி முடித்தது. உள்ளே கான்ஸ்டன்ட் லீவன்ஸின் உடல் எச்சங்களை வைத்திருக்கிறார்கள். பெல்ஜியத்துக்காரர், இயேசு சபைச் சாமியார். 1885-இல் இந்தப் பக்கம் வந்தபோது வயது முப்பதுகூட ஆகவில்லை. ராஞ்சிக்குத் தெற்கே குந்தி, அதற்குத் தென்மேற்கே தோர்ப்பா என்ற ஊரில் குடியேறினார். முண்டா ஆதிவாசி ஜனங்கள் காட்டை வெட்டித் திருத்திய நிலத்துக்கு ஜமீன்தார்கள் வாடகை கேட்டுக்கொண்டிருந்த காலம். வாடகை கட்டினாலும் ரசீது கிடையாது. கூடவே கூலியில்லாத வேலை, அதற்கு 'பேட் பேகாரி' என்று பெயர். எதிர்த்துப் பேசினால் பொய் வழக்கு. கோர்ட்டில் பேசும் பாஷை இவர்களுக்குப் புரியாது, இவர்கள் பேசுவது கோர்ட்டுக்குப் புரியாது. லீவன்ஸ் அவர்கள் பாஷையான முண்டாரியைக் கற்றுக்கொண்டார், அப்புறம் குத்தகைச் சட்டத்தையும் படித்தார். ரசீது இல்லாமல் காசு கொடுக்காதே, சட்டத்தில் இல்லாத வேலையைச் செய்யாதே, வழக்கு வந்தால் ராஞ்சி வக்கீலிடம் நான் அனுப்புகிறேன் என்று ஊர் ஊராகச் சொன்னார். ஏழு வருஷம்தான் இருந்தார். காசநோயோடு 1892-இல் ஊர் திரும்பி, அடுத்த வருஷமே 37 வயதில் செத்துப்போனார். அதற்குள் பல்லாயிரம் பேர் கிறிஸ்தவர்கள் ஆகிவிட்டிருந்தார்கள்.

"வழக்குக்காகத்தானே மதம் மாறினார்கள்?" என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ரயிலில் எதிர் சீட்டில் வந்தவரும் இதையேதான் கேட்டார். ஆமாம், பெரும்பாலும் அதற்காகத்தான். நிலம் பறிபோகிற ஒருவனுக்கு அதைவிட நியாயமான காரணம் என்ன இருக்கிறது? அவன் கும்பிட்ட சாமியைக் குறை சொல்வதற்கு முன்னால், ரசீது கொடுக்காத ஜமீன்தாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாமே. ரயில்காரரிடமும், அந்த எதிர் சீட்டுக்காரரிடம்தான், இதையே சொன்னேன். அதற்குப் பிறகு அவர் மேல் பெர்த்துக்குப் போய்விட்டார்.

பேராலயத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தள்ளுவண்டியில் துஸ்கா கிடைத்தது. பச்சரிசியும் கடலைப்பருப்பும் அரைத்து எண்ணெயில் பொரிப்பது. நம் அடை மாவை ஆப்பக் கரண்டியால் எண்ணெயில் ஊற்றினால் எப்படியிருக்குமோ அப்படி. கூடவே உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் போட்ட குழம்பு. நான்கு துஸ்கா முப்பது ரூபாய். மறுபடியும் நான்கு வாங்கினேன். குளிர் காலக் காலையில், கையைச் சுடும் துஸ்காவைச் சால் மரத்து இலைத் தொன்னையில் வைத்துச் சாப்பிட்டது இந்த வருஷத்திலேயே எனக்குக் கிடைத்த சிறந்த சாப்பாடு. மத்தியானம் ஒரு ஹோட்டலில் இருநூறு ரூபாய்க்குத் தாலி மீல்ஸ் சாப்பிட்டேன். அது தண்டம்.

ராஞ்சியிலிருந்து குந்திக்கு பஸ், அங்கிருந்து தோர்ப்பாவுக்கு ஜீப். ஜீப்பில் உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுவதில் பிரயோஜனமில்லை. வெளியே தொங்கியவர்களை மட்டும் எண்ணினேன், ஆறு பேர். அன்று தோர்ப்பாவில் சந்தை நாள். புளி, அரக்கு, மூங்கில் குருத்து, சேவல், அலுமினியப் பானையில் ஹண்டியா என்று எல்லாம் தரையிலேயே விரித்திருந்தார்கள். ஹண்டியா என்பது சோற்றை நொதிக்க வைத்துச் செய்கிற மது. விற்பது பெரும்பாலும் பெண்கள்தான். கழுத்தில் சிலுவை போட்ட ஒரு பாட்டி எனக்கும் ஒரு தொன்னை நீட்டினார். பத்து ரூபாய். புளிப்பு, குடிக்கக் குடிக்கப் பிடித்துப்போகும். அக்காவிடம் சொன்னபோது, "குடிச்சியா? சரி, ரெண்டாவது குடிக்கலையே?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லவில்லை.

மடத்தில் தங்க அறை கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை, உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன். தெரிந்தவர்கள் யாரும் இல்லாமல் போகிறவர்கள் மடத்தை லாட்ஜ் என்று நினைத்துக் கதவைத் தட்டக் கூடாது. குந்தியிலேயே தங்கிக்கொள்வது மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை பங்குத்தந்தையோடு ஒரு கிளைக் கிராமத்துக்குப் போனோம். பைக்கில் பாதி தூரம், பாக்கி நடை. வறண்ட ஆற்றுப் படுகை, இரண்டு பக்கமும் சால் காடு. அங்கே பூசை மாதம் ஒரு தடவைதான், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் ஜெபம் நடத்துகிறார். கோவில் என்பது ஓடு போட்ட ஒரு கூடம். ஊருக்குள் நுழைந்ததும் சொம்புத் தண்ணீரால் எங்கள் கையைக் கழுவிவிட்டார்கள். விருந்தாளிக்கு அதுதான் வரவேற்பு. காணிக்கை நேரத்தில் சிவப்புக் கரை வைத்த வெள்ளைப் புடவையில் பெண்கள் கை கோத்து அடிவைத்து ஆடிக்கொண்டே வந்தார்கள், மாந்தர் என்ற மேளம் முழங்கியது. காணிக்கை என்று வந்ததில் பாதி அரிசி. ரூபாய் நோட்டைப் போட்டுவிட்டுச் சும்மா நின்ற எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பூசை முடிந்ததும் ஆட்கள் கலைந்து போவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. பிளாஸ்டிக் கவர்களோடு வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். கவருக்குள் கத்தியான், அதாவது நிலப் பதிவுப் பத்திரம். தாத்தா பெயரில் இருக்கும் நிலம் கம்ப்யூட்டரில் ஏறியபோது வேறு பெயராகிவிட்டது, வரி ரசீது வரவில்லை, அண்ணன் தம்பி பாகம் பிரியவில்லை என்று ஆளாளுக்கு ஒரு கதை. ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனவர்கள் வேறு. சாமியாரும் அக்காவும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதினார்கள். சாப்பாடு மூன்று மணிக்குத்தான்.

"தம்பி, இங்க காசு கேட்டு வர்றவங்க ரொம்பக் கம்மி. பேப்பரைத் தூக்கிட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி. எனக்கு மடத்துல ஜெபம் சொல்லிக் கொடுத்தாங்க, மனு எழுதச் சொல்லித் தரல. இங்க வந்துதான் கத்துக்கிட்டேன்" என்றார் அக்கா.

இந்தக் காகிதங்களுக்கு இன்றும் மதிப்பு இருப்பதற்கு 1908-ஆம் வருஷத்துச் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம்தான் காரணம். ஆதிவாசி நிலத்தை ஆதிவாசி அல்லாதவர் வாங்க முடியாது. ஆதிவாசியே வாங்குவதென்றாலும் அதே போலீஸ் ஸ்டேஷன் எல்லைக்குள் இருப்பவராக இருக்க வேண்டும், துணை ஆணையரின் அனுமதியும் வேண்டும். இந்தச் சட்டம் உருவானதில் ஜான் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய இயேசு சபைச் சாமியாருக்குப் பெரிய பங்கு உண்டு. முண்டாக்களின் நில உரிமை எப்படிப்பட்டது என்று அரசாங்கத்துக்கு எழுதிப் புரியவைத்தவர் அவர். இதில் ஒரு விசித்திரம். 1899 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி முண்டாக்களின் கலகத் தலைவர் பிர்சா முண்டாவின் ஆட்கள் அம்பு விட்ட இடங்களில் ஹாஃப்மன் இருந்த சர்வதா மிஷனும் ஒன்று. பிர்சா அடுத்த வருஷமே ராஞ்சி ஜெயிலில் இறந்துபோனார். அவருடைய கலகம் இல்லாவிட்டால் வெள்ளைக்காரன் இந்தச் சட்டத்தைப் போட்டிருக்கவே மாட்டான். பாராட்டு முழுவதையும் சாமியாருக்கே கொடுக்கிற பக்திப் புத்தகங்கள் எனக்கு எரிச்சல்தான்.

ஹாஃப்மன் அடுத்து செய்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. 1909-இல் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார். விதைநெல் கடன் வாங்கினால் அறுவடையில் ஒன்றுக்கு ஒன்றரையாகத் திருப்பித் தர வேண்டும் என்பது மகாஜன்களின், அதாவது வட்டிக்காரர்களின், கணக்கு. அதிலிருந்து வெளியே வரத்தான் இந்தச் சங்கமும், ஊர் ஊராக நெல் சேமிக்கும் களஞ்சியங்களும். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன்காரர் என்று 1915-இல் இவரை நாடு கடத்திவிட்டார்கள். அங்கே போய் உட்கார்ந்து முண்டாரி மொழிக்குக் கலைக்களஞ்சியம் எழுதிக்கொண்டிருந்தார். விடாத மனுஷன்.

வெள்ளைக்காரச் சாமியார்கள் கதை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 1897-இல் ராஞ்சியில் பெர்னதெத் கிஸ்போட்டா என்ற ஆதிவாசிப் பெண்ணும் தோழிகள் மூன்று பேரும் கல்யாணம் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்துத் தொடங்கியதுதான் புனித அன்னம்மாள் புதல்வியர் சபை. வீட்டில் பெரிய எதிர்ப்பு. பஸ் போகாத எத்தனையோ ஊர்களில் இன்று பள்ளிக்கூடமும் மருந்தகமும் நடத்துவது அந்தச் சபைச் சிஸ்டர்கள்தான்.

ராஞ்சி திரும்பியதும் நாம்கும்மில் இருக்கும் பகாய்ச்சா என்ற இயேசு சபை மையத்துக்குப் போனேன். நம் திருச்சி மாவட்டத்து விரகாலூர்க்காரர், இயேசு சபைச் சாமியார் ஸ்டான் சுவாமி இருந்த இடம். சாதாரணமான வளாகம், மரங்கள், போராட்டங்களில் செத்துப்போன ஆதிவாசிகளின் பெயர்கள் பொறித்த ஒரு கல். நக்சல் என்று பிடித்து வருஷக்கணக்கில் விசாரணைக் கைதிகளாக அடைத்து வைத்திருந்த இளைஞர்களைப் பற்றி ஆய்வு செய்து கோர்ட்டுக்குப் போனவர். 2020 அக்டோபரில் அவரையே கைது செய்தார்கள், அப்போது வயது 83. பார்க்கின்சன் நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சு குழாய்க்காகக் கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று மும்பையில் இறந்தார். அவரைப் பற்றி நம் ஊர்ப் பேப்பர்களில் வந்ததையெல்லாம் படித்திருக்கிறேன். தோர்ப்பாவைப் பார்த்துவிட்டு வந்து நின்றபோதுதான் அவர் செய்தது புது வேலையே இல்லை என்று பட்டது. 1885-இலிருந்து இந்தப் பக்கத்தில் சாமியார்கள் செய்துவருவதுதான். எதிரில் நிற்கும் ஜமீன்தார்தான் மாறிவிட்டார்.

கடைசியாகக் குங்குரி. சத்தீஸ்கரில், ஜஷ்பூர் தாண்டி. கும்லாவில் ஏறிய பஸ் "இதோ கிளம்புகிறது" என்று சொல்லி ஒன்றே கால் மணி நேரம் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே நின்றது. பக்கத்தில் கால் கட்டிய இரண்டு ஆடுகள், அவற்றுக்கும் டிக்கெட் போட்டார்கள். ஜன்னல் மூடாது, ஜனவரிக் காற்று. ஒரு இடத்தில் டயரை மாற்ற இறங்கச் சொன்னார்கள். மாற்றிய டயரைப் பார்த்தால் பழையதே தேவலை. கண்டக்டர் என்னிடம் நாற்பது ரூபாய் அதிகம் வாங்கினார் என்பதைப் பக்கத்துப் பெண்ணின் டிக்கெட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கேட்டதற்கு "பை" என்றார். நாடு முழுக்க என் பைக்கு எதிராக ஏதோ சதி நடக்கிறது.

குங்குரி பேராலயம் பெரியதுதான். 1962-இல் தொடங்கி 1979-இல் முடித்தது. ஏழு கூரை, ஏழு வாசல், எல்லாம் ஏழு ஏழாக. உழைத்தது அக்கம்பக்கத்து ஆதிவாசிகள். ஆசியாவிலேயே இரண்டாவது பெரிய கோவில் என்று சொல்கிறார்கள். அந்த வரிசையை யார் போட்டது என்று கேட்டால் சிரிக்கிறார்கள். எனக்கு அதைவிட அங்கே இருக்கும் ஹோலி கிராஸ் ஆஸ்பத்திரிதான் முக்கியமாகப் பட்டது. காலை ஏழு மணிக்கே வராந்தா முழுக்க ஆட்கள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு. காட்டுக்குள்ளிருந்து முந்தின நாளே கிளம்பி வந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

கையில் பணமும் நேரமும் குறைவு என்றால் குங்குரியை விட்டுவிடுங்கள். போக வர பஸ், ஒரு ராத்திரி லாட்ஜ் என்று ஆயிரத்தைந்நூறுக்கு மேல் போய்விடும், முதுகு வலி தனி. அந்தப் பணத்தில் தோர்ப்பாவில் இன்னும் இரண்டு நாள் இருக்கலாம். சந்தை எந்த நாள் என்று குந்தியிலேயே விசாரித்துக்கொண்டு போங்கள். கடைசி ஜீப் சாயங்காலம் நான்கு, நான்கரைக்கெல்லாம் கிளம்பிவிடும். ஹண்டியாவை மத்தியானத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.