காம்போடு பறிக்க வேண்டும்: செர்ரித் தோட்டத்தில் ஒரு காலை

செர்ரியைப் பற்றி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், நாமே பறித்து எடை போட்டு வாங்கிக்கொள்ளும் தோட்டத்துக்கு நாங்கள் குடும்பமாகக் கிளம்பிப் போவதற்கே காரணம் அதுதான். செர்ரி மரத்தை விட்டு வந்த பிறகு பழுக்காது. வாழைத்தாரை வெட்டி வைத்தால் வீட்டிலேயே பழுத்துவிடும், மாங்காயும் அப்படித்தான். செர்ரிக்கு அந்தக் குணம் கிடையாது. பறித்த நிமிடத்தில் எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான், அப்புறம் வாடுமே தவிர இனிப்பு ஏறாது. தூரத்துக்கு அனுப்ப வேண்டிய பழத்தை வழியில் நசுங்காமல் இருக்கக் கொஞ்சம் முன்கூட்டியே பறிப்பார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கடைசி நாள்வரை மரத்திலேயே இருந்து நன்றாகக் கறுத்த பழம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமென்றால், மரத்தடிக்குக் கூட்டிப் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்த முறை அம்மாவும் எங்களோடு வந்தார். அதனால் நிதானமாகப் பறித்தோம், அதனாலேயே நிறையப் பார்க்கவும் முடிந்தது.

போகும் முன் தோட்டத்துக்கு போன் செய்து கேட்டுவிடுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஒரு ரகம் மரத்தில் சரியான பக்குவத்தில் நிற்பது ஓரிரு வாரம்தான், அதற்குள் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் கதையே மாறிவிடும். நாங்களும் ஒரு வாரம் தள்ளித்தான் போனோம். மழை பெய்து முன்வரிசைப் பழமெல்லாம் வெடித்துவிட்டது, பின்னால் இருக்கும் ரகம் இன்னும் பழுக்கவில்லை, பொறுத்து வாருங்கள் என்று தோட்டக்காரரே சொல்லிவிட்டார். மழைக்குப் பழம் ஏன் வெடிக்க வேண்டும் என்று மகள் கேட்டாள், நல்ல கேள்வி. பழுத்த செர்ரியின் உள்ளே சர்க்கரை அதிகம், தோலோ மெல்லியது. மழைத்தண்ணீர் பழத்தின் மேலேயே தங்கும்போது அந்தத் தோல் வழியாகவே உள்ளே இறங்குகிறது, சதை உப்புகிறது, தோல் தாங்காமல் கிழிந்துவிடுகிறது. காம்பு சேரும் இடத்தில் ஒரு சின்னக் குழி இருக்கிறதே, அதில்தான் தண்ணீர் தேங்கும். அங்கே வளையம் வளையமாகக் கீறல் விழுந்த பழங்களை நாங்கள் போன அன்றும் பார்த்தோம். பெரிய தோட்டங்களில் மழை விட்டதும் ஹெலிகாப்டரை மரங்களுக்கு மேல் தாழப் பறக்கவிட்டு, அந்தக் காற்றில் தண்ணீரை உதறவைப்பார்கள். ஒரு பழத்துக்காக ஹெலிகாப்டரா என்று அம்மா வாயைப் பிளந்தார். வருடம் முழுக்கப் பார்த்துப் பார்த்து வளர்த்தது ஒரு மழையில் போகும் என்றால் எதைத்தான் செய்யமாட்டார்கள்?

போவதென்றால் காலையிலேயே போங்கள். வெயிலில் காய்ந்த பழம் சூடாக இருக்கும், சூடான பழம் வாளியின் அடியில் கிடந்து சீக்கிரம் துவண்டுவிடும். அதிகாலைக் குளிர்ச்சியோடு பறித்தால் அது பல நாள் நிற்கும். கூட்டமும் அப்போது குறைவு, குழந்தைகளும் தெம்பாக இருப்பார்கள்.

உள்ளே நுழைந்ததும் கையில் ஆளுக்கொரு வாளி கொடுத்தார்கள், அப்புறம் அங்கே வேலை செய்யும் ஒரு வயதான பெண்மணி எங்களை ஒரு மரத்தடிக்குக் கூட்டிப் போய் எப்படிப் பறிப்பது என்று காட்டினார். இதைத்தான் நான் விரிவாக எழுத நினைத்தேன். பெரும்பாலானவர்கள் இதைக் காதில் வாங்காமலேயே ஓடிப்போய்ப் பறிக்க ஆரம்பிக்கிறார்கள்.

செர்ரி கிளையின் நுனியில் காய்ப்பதில்லை. பழைய கிளையின் பக்கவாட்டில் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத குட்டை முண்டுகள் இருக்கும். கிட்டப்போய்ப் பார்த்தால் தெரியும், அதன் மேல் சுருக்கம் சுருக்கமாக வளையங்கள், ஒவ்வொரு வருட வளர்ச்சிக்கும் ஒரு வளையம், அவ்வளவு மெதுவாக வளர்கிறது அது. அந்த முண்டிலிருந்துதான் கொத்துக் கொத்தாகப் பழம் தொங்குகிறது. பழக்காம்பின் அடியிலேயே, இலைக்கும் கிளைக்கும் நடுவில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாகப் பழுப்பு நிறத்தில் மொட்டுகள் உட்கார்ந்திருக்கும். அவைதான் அடுத்த வருடத்துப் பூவாகப் போகிற மொட்டுகள். கொத்தை மொத்தமாகப் பிடித்து இழுத்தால் பழத்தோடு அந்த முண்டும் கழன்று கையோடு வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் அந்த இடத்தில் அடுத்த வருடம் மட்டுமல்ல, அதற்கப்புறமும் காய்ப்பு இல்லை. ஒரு முண்டு பல வருடம் காய்க்கக் கூடியது, அதை ஒரு கைப்பிடிப் பழத்துக்காகப் பிய்த்துப் போடுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

சரி, எப்படிப் பறிப்பது? பழத்தைத் தொடாமல் காம்பைப் பிடிக்க வேண்டும், அதுவும் கிளையோடு சேரும் மேல்முனைக்குப் பக்கத்தில். பிடித்து, லேசாக மேல்பக்கமாகத் திருப்பித் தூக்கினால் டக்கென்று விடுபடும். நன்றாகப் பழுத்தது அடம் பிடிக்காது. காம்போடு பறித்த பழம் சாறு கசியாமல் நிற்கும். காம்பில்லாமல் உருவினால் அந்த ஓட்டை வழியாகவே கெட ஆரம்பிக்கும். முதலில் பிடித்துக்கொண்டது அம்மாதான். பூப்பறித்துப் பழகிய கை, மொட்டை விட்டுவிட்டு மலர்ந்ததை மட்டும் எடுக்கத் தெரிந்த விரல்கள். பேரனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இங்க பாரு கண்ணா, இந்தக் குட்டி மொட்டு இருக்குல்ல, இது அடுத்த வருஷத்துப் பழம், இதத் தொடக்கூடாது" என்று சொன்னார். அதற்கப்புறம் அவன் ஒவ்வொரு பழத்துக்கும் முன்னால் குனிந்து மொட்டைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தான். அவன் வாளி மெதுவாகத்தான் நிறைந்தது. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

மகளுக்கு வேறு ஒரு வேட்டை. இரண்டு பழம் ஒன்றாக ஒட்டிப் பிறந்த இரட்டைச் செர்ரி எங்கே கிடைத்தாலும் அதைத் தனியாகச் சேர்த்துக்கொண்டே வந்தாள். அந்த வருடம் நிறையவே இருந்தன. தோட்டக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினாள், போன கோடை ரொம்பச் சூடு, அதனால்தான் என்றார் அவர். போன கோடைக்கும் இந்தப் பழத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. நாம் இந்த வருடப் பழத்தைப் பறித்து முடிக்கிற கோடையிலேயே மரம் அடுத்த வருடத்துப் பூவை அந்தச் சின்ன மொட்டுக்குள் உருவாக்க ஆரம்பித்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் வெயில் 30 டிகிரியைத் தாண்டி வாட்டினால் பூவுக்குள், பழமாக வளர வேண்டிய சூலகம் ஒன்றுக்குப் பதில் இரண்டு உருவாகிவிடும், அடுத்த வருடம் அது இரட்டைப் பழமாகத் தொங்கும். கடைக்குப் போகும் பழத்தில் இவற்றை ஒதுக்கிவிடுவார்கள், அதனால் நம் கண்ணில் படுவதில்லை. ருசியில் ஒரு குறையும் இல்லை. இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த மரத்தைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிட்டது, போன வருடத்து வெயிலும் அடுத்த வருடத்துப் பூவும் ஒரே கிளையில் ஒரு விரல் இடைவெளியில் இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள்.

ரகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுஞ்சிவப்பாக, இறுக்கமாக, கடித்தால் சாறு தெறிக்கிற பிங் ரகம்தான் நிறையப் பேருக்குப் பழக்கம். 1875 வாக்கில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் சேத் லூவெலிங் என்பவரின் நாற்றுப் பண்ணையில் வந்தது அது. அங்கே மேஸ்திரியாக இருந்த ஆ பிங் என்ற சீனரின் பெயரைத்தான் அந்தப் பழத்துக்கு வைத்தார்கள். ஊருக்குப் போன அவரால், சீனர்கள் உள்ளே வருவதைத் தடுத்த சட்டத்தால் திரும்பி வர முடியாமல் போனது என்று சொல்வார்கள். பழத்தைச் சாப்பிடும் எத்தனை பேருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரியும்? நான் பிள்ளைகளுக்கு மரத்தடியிலேயே சொல்லிவிட்டேன்.

அப்புறம் ரெய்னியர். மஞ்சளில் ஒரு பக்கம் மட்டும் சிவப்பு பூத்த பழம். 1952-இல் வாஷிங்டன் மாநிலத்தில் பிங்கையும் வேன் என்ற இன்னொரு சிவப்பு ரகத்தையும் சேர்த்து உருவாக்கியது, இரண்டு சிவப்புக்கும் பிறந்தது மஞ்சள். சின்னவன் அதைக் காய் என்று நினைத்துத் தொடவே மாட்டேன் என்றான். ஒன்று வாயில் போட்ட பிறகு அந்த மரத்தை விட்டு நகரவில்லை. எனக்கும் அதுதான் பிடித்தது, பிங்கைவிட இனிப்பு, புளிப்பு ரொம்பக் கம்மி. ஆனால் மெல்லிய தோல், விரல் அழுத்தினாலே பழுப்புத் தடம் விழுந்துவிடும், அதனால் அதற்குத் தனி வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஓரமாக ஒரு வரிசை புளிச் செர்ரி இருந்தது, அது வேறு இனமே, சமையலுக்கும் ஜாமுக்கும் போவது.

ஏன் ஒரே தோட்டத்தில் இத்தனை ரகம் என்றால், வியாபாரம் மட்டும் காரணம் இல்லை. இனிப்புச் செர்ரியில் பெரும்பாலான ரகங்கள் தன் மகரந்தத்தாலேயே காய்க்காது, பக்கத்தில் பொருத்தமான வேறொரு ரகம் அதே நேரத்தில் பூத்து, தேனீ வந்து கலந்துவிட்டால்தான் காய். பிங் மரங்களாகவே ஒரு தோட்டம் முழுக்க நட்டால் பூ மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தானே காய்க்கும் ஸ்டெல்லா போன்ற ரகங்கள் பிறகுதான் வந்தன.

மர உயரம் முக்கியம், பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய முறைத் தோட்டத்தில் செர்ரி மரம் 30 அடியைத் தாண்டிப் போகும், ஏணி இல்லாமல் ஒன்றும் கிடைக்காது. இப்போது குட்டையாக வளர்கிற அடிச்செடியில் ஒட்டுக்கட்டி நடுகிறார்கள், தரையில் நின்றபடியே பாதி மரத்தைப் பறித்துவிடலாம். அம்மா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தாழ்ந்த கிளைகளில் பறித்தார். மேலே வெயில் படும் பக்கத்தில் இருப்பதுதான் அதிக இனிப்பு, அதற்குக் கணவர் ஏணி ஏறினார். தோட்டத்து ஏணிக்கு மூன்று கால். மூன்றாவது காலைக் கிளைகளுக்கு நடுவே நுழைத்து ஊன்றினால் மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்கும். குழந்தைகளை அதில் ஏற்றாதீர்கள், பெரும்பாலான இடங்களில் அனுமதியும் இல்லை.

இன்னொன்று, கொட்டை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுப் பழத்தைக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பிளந்து, கொட்டையை எடுத்துவிட்டு, துண்டாகக் கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்குக் கொட்டையைக் கடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், உள்ளே இருக்கும் பருப்பை மென்றால் அதிலிருந்து சயனைடு உண்டாகும். தவறி ஒன்றிரண்டை முழுசாக விழுங்கிவிட்டால் பதற வேண்டாம், அது அப்படியே வெளியே போய்விடும். உடுப்பு விஷயம் சொல்லவே வேண்டாம், கறை போகாது, பழைய துணியைப் போட்டுக் கூட்டிப் போங்கள்.

பறித்ததை எடை போட்டு வாங்கியதும் நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரம் வைத்தால் காலையில் எழுந்து போனதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். வீட்டில் கழுவாமல், காம்போடு, ஃப்ரிட்ஜின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். சாப்பிடும் நேரத்தில் எடுத்துக் கழுவினால் போதும். வெடித்தது, அடிபட்டது ஏதாவது கண்ணில் பட்டால் முதலிலேயே பிரித்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போய்விடும். மிச்சத்தை நாங்கள் கழுவித் துடைத்து, கொட்டை நீக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் உறையவைத்து, அப்புறம் பையில் அள்ளிப் போட்டுக்கொள்கிறோம். முதலிலேயே பையில் கொட்டிவிட்டால் ஒரே கட்டியாகிவிடும். கொட்டை எடுக்கும் வேலை அம்மாவுக்கும் மகளுக்கும், பாதி நேரம் கதை, பாதி நேரம் வேலை என்று அன்று ராத்திரி வரை ஓடியது.

அம்மாவுக்கு இப்போது பூவையும் பார்க்க வேண்டுமாம். செர்ரி பூத்து இரண்டு, இரண்டரை மாதத்தில் பழமாகிவிடும், பூ நிற்பது ஒரு வாரம், பத்து நாள்தான். அந்தச் சமயத்தில் வரிசைகளுக்குள்ளே தேனீப் பெட்டிகள் வைத்திருப்போம், குழந்தைகளோடு நடுவில் நடக்க விடமாட்டோம், வேலியோரமாக நின்று பார்க்கலாம் என்று தோட்டக்காரர் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அது போதுமாம்.