கேட் இஎஸ் தாள், பிஎச்டி நேர்காணல்: ஒரு கிலோலிட்டருக்கு எத்தனை யூனிட்?

பிஎச்டி சேர்க்கைப் பட்டியல் வந்துவிட்டது, என் பெயரும் இருக்கிறது. நீர்வள மேலாண்மையும் அதற்குச் செலவாகும் மின்சாரமும்தான் நான் எடுக்கும் தலைப்பு. மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். கேட் தேர்வில் நான் எழுதியது இஎஸ், அதாவது சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியல் தாள். அதன் அமைப்பு உங்களுக்கே தெரியும்.

நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். படிக்கும் எந்த எண்ணையும் "ஒரு கிலோலிட்டருக்கு எத்தனை யூனிட் கரண்ட்" என்று மாற்றி எழுதிப் பாருங்கள். புத்தகம் ஜூலில் பேசும், மெட்ரோ வாட்டர் எம்எல்டியில் (நாளுக்கு எத்தனை மில்லியன் லிட்டர்) பேசும், புழல் ஏரியை மில்லியன் கன அடியில் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாடம் எனக்குப் பிடிபட்டது.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மோட்டாரிலிருந்தே தொடங்கினேன். அரை எச்பி. சம்ப்பிலிருந்து மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்ப ஏறக்குறைய அரை மணி நேரம், செலவு கால் யூனிட் போல. ஆனால் பத்து மீட்டர் ஏற்ற, சூத்திரப்படி 0.03 யூனிட்கூட ஆகாது. மீதியெல்லாம் மோட்டாரின் திறன்குறைவிலும் குழாய் உராய்விலும் போகிறது. பம்ப் திறன் பற்றிய கேள்விகளில் எனக்கு அதன் பிறகு தடுமாற்றமே வரவில்லை.

நேர்காணலில் ஊரைக் கேட்டார்கள், சொன்னேன். "அப்படியா, காட்டுப்பள்ளி ஆலைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் வேணும்?" என்றார் ஒரு பேராசிரியர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அது, மீஞ்சூர் ஆலை என்று நாம் சொல்லும் அதேதான், 2010இல் தொடங்கியது. திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர், அதாவது ஒரு லட்சம் கிலோலிட்டர். கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்ஓவுக்கு கிலோலிட்டருக்கு 3 முதல் 4 யூனிட். 3.5 என்று வைத்தால் நாளுக்கு 3.5 லட்சம் யூனிட், தொடர்ந்து 14.6 மெகாவாட். வடசென்னை அனல் மின் நிலையத்தின் 210 மெகாவாட் இயந்திரம் ஒன்றில் இது 7 சதவீதம். போர்டில் எழுதி முடித்ததும் அடுத்தவர் கேட்டார்: "சரி, அந்தக் கரண்டுக்கு எவ்வளவு தண்ணி?"

குளிர்விப்புக் கோபுரம் உள்ள, அப்போதே இயங்கிக்கொண்டிருந்த அனல் மின் நிலையங்களுக்கு 2015இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வைத்த வரம்பு, ஒரு மெகாவாட்-மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 3.5 கன மீட்டர். யூனிட்டுக்கு 3.5 லிட்டர். இரண்டு பக்கமும் 3.5 என்பதால் மறக்கவே மறக்காது. ஆயிரம் லிட்டர் குடிநீர் எடுக்க மின் நிலையத்தில் செலவாவது 12 லிட்டர் சொச்சம். ஆகவே இங்கே பாரம் தண்ணீரில் இல்லை, நிலக்கரியிலும் கட்டணத்திலும் இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டினார்.

அப்புறம் கொடுங்கையூர். கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, ஆர்ஓவிலும் விட்டு, மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும், நாளுக்கு 4.5 கோடி லிட்டர் ஆலை. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, ஊடுபரவல் அழுத்தம், அதாவது உப்பைப் பிரிக்க ஆர்ஓ பம்ப் மிஞ்ச வேண்டிய அழுத்தம், 27 பார். கழிவுநீரில் உப்பு மிகக் குறைவு, எனவே அழுத்தமும் கரண்டும் குறைவு. வடசென்னையில் அடுத்த ரூபாயை இதில்தான் போட வேண்டும் என்று அங்கேயே சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

மனப்பாடமாக இருக்க வேண்டியவை:

- ஒரு கிலோலிட்டரை 100 மீட்டர் ஏற்ற 0.27 யூனிட். பம்ப் திறன் 70 சதவீதம் என்றால் 0.39.
- ஒரு மில்லியன் கன அடி = 2.83 கோடி லிட்டர். புழலின் 3,300ஐ இதால் பெருக்கிப் பாருங்கள், காட்டுப்பள்ளி ஆலை இரண்டரை வருஷம் ஓடினால் கிடைக்கும் தண்ணீர்.
- விடையை எண்ணாகவே தரும் கேள்விகளுக்கு கேட்டில் நெகட்டிவ் மார்க் இல்லை. அவற்றை முதலில் முடித்துவிடுங்கள்.
- குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. விடியற்காலையில் தனியாக, பேப்பரும் பேனாவுமாக.

கணக்கு எதைச் சொல்லாது என்றும் நேர்காணலில் கேட்பார்கள். எண்ணூர் கழிமுகத்தில் சுடுநீரும் சாம்பலும் சேர்ந்த பிறகு இறால் குறைந்ததை அங்குள்ள மீனவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அதற்கு யூனிட் கிடையாது. ஆனால் என்னிடம் அதிக நேரம் பேசியது அதைப் பற்றித்தான்.